வெள்ளைப் பளிங்கும் புயல் கடலும்: புதுச்செவ்வியல், ரொமாண்டிக் கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்வந்தவர்களும், போகாமலே இணையத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சில பதில்கள் நீளும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

இது எந்தக் காலம்? முதலில் வந்தது எது?

தோராயமாக 1750 முதல் 1850 வரை. முதலில் பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றிய புதுச்செவ்வியல் வந்தது, அது சலித்துப்போன பிறகு ரொமாண்டிசிசம் வந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். தேர்வு எழுத அது போதும். ஆனால் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். தூங்கும் பெண்ணின் மேல் ஒரு பூதம் குந்தியிருக்கும் ஹென்றி ஃபியூசெலியின் 'கெட்ட கனவு' லண்டனில் 1782-ல் காட்சிக்கு வந்துவிட்டது. புதுச்செவ்வியலுக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டும் ஜாக் லூயி டேவிட்டின் 'ஹொரேஷியர் சபதம்' பாரிஸில் மாட்டப்பட்டது 1785-ல்தான். ரொமாண்டிக் அணியின் தலைவர் எனப்படும் டெலக்ருவா 1863-ல் இறந்தார். அவருக்கு எதிரணித் தலைவரான ஆங்கர், அதற்கப்புறமும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்து 1867-ல்தான் போனார். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆயுள் முழுக்க முறைத்துக்கொண்ட மாதிரிதான் இது நடந்தது.

ரொமாண்டிக் என்றால் காதல் ஓவியங்களா?

இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய மொழிகளில் எழுதிய வீரக் கதைகளுக்கு 'ரொமான்ஸ்' என்று பெயர். அந்தக் கதைகளின் வாசம் அடிக்கும் எதையும் ரொமாண்டிக் என்றார்கள்: பாழடைந்த கோட்டை, நிலவொளி, மலைமுகடு. தமிழில் இதைக் கற்பனாவாதம் என்றும் புனைவியல் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. கற்பனாவாதம் என்றதும் நிஜத்தை விட்டு ஓடுவது போலத் தொனிக்கிறது. இந்த ஓவியங்களில் முக்கியமான சில, அன்றைய செய்திகளிலிருந்து நேராக எழுந்து வந்தவை.

திடீரென்று கிரேக்க, ரோமானிய மோகம் எங்கிருந்து வந்தது?

மண்ணுக்கு அடியிலிருந்து. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தை 1738-லும் பாம்பெயியை 1748-லும் தோண்டத் தொடங்கினார்கள். அதுவரை பழைய ரோம் என்றால் இடிந்த தூண்களும் வளைவுகளும்தான். இப்போது சுவரோவியம், அடுப்பு, விளக்கு, நாற்காலி என்று ஒரு குடித்தனமே வெளியே வந்தது. பணக்கார ஆங்கிலேய வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடிக்கிற சாக்கில் இத்தாலிக்குப் போய் ஒன்றிரண்டு வருடம் சுற்றிவிட்டு, பெட்டி நிறையச் சிலைகளோடு திரும்புவது ஏற்கெனவே வழக்கமாக இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

இந்த மோகத்துக்குக் கோட்பாடு எழுதிக் கொடுத்தவர் யோஹான் யோவாகிம் விங்கெல்மன் என்ற ஜெர்மானியர், செருப்புத் தைப்பவரின் மகன். 1755-ல் வந்த கட்டுரையில் கிரேக்கக் கலையின் இலக்கணம் 'உன்னத எளிமையும் அமைதியான கம்பீரமும்' என்றார். அந்த ஒரு தொடரை ஐரோப்பா முழுக்க மந்திரம் மாதிரி சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர் கிரீஸ் மண்ணை மிதித்ததே இல்லை. முதலில் ஜெர்மனியிலும் பிறகு ரோமிலும் உட்கார்ந்து, பெரும்பாலும் கிரேக்க மூலங்களின் ரோமானிய நகல்களைப் பார்த்துத்தான் எழுதினார். 1768-ல் த்ரியஸ்தே நகரத்தில் ஒரு விடுதியில் கொலை செய்யப்பட்டார். ஏதென்ஸுக்கு உண்மையிலேயே போய் அளவெடுத்து வந்தவர்கள் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் நிக்கோலஸ் ரெவெட்டும். அவர்களுடைய வரைபடங்களின் முதல் தொகுதி 1762-ல் வந்தது, கட்டடக் கலைஞர்கள் அதிலிருந்து தூண் தூணாக நகலெடுத்தார்கள்.

சிலைகள் ஏன் எல்லாம் வெள்ளை?

ஒரு தவறான புரிதலால். கிரேக்கர்கள் சிலைகளுக்கு வண்ணம் பூசினார்கள்: சிவப்பு, நீலம், பொன். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலும் மழையிலும் கிடந்ததில் வண்ணம் போய்க் கல் மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்த்தவர்கள் கிரேக்க அழகு என்றாலே வெள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வண்ணம் பூசிய தெய்வம் அதிர்ச்சி தராது. அவர்களுக்குத் தந்தது. 1814-ல் பிரெஞ்சு அறிஞர் காத்ர்மேர் த கான்சி வண்ணச் சிலைகளைப் பற்றிப் பெரிய நூலே போட்டார், ஆனாலும் வெள்ளை மோகம் அசையவில்லை. அது எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 1937-38-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை இன்னும் வெள்ளையாக்குவதற்காக உலோகக் கருவிகளால் சுரண்டினார்கள். பளிங்கின் பழைய மேல்தோலே போயிற்று.

சிற்பி கனோவா இந்த விஷயத்தில் கொஞ்சம் தந்திரசாலி. முடித்த பளிங்கின் மேல் மெழுகு பூசி வெள்ளையின் கூர்மையைத் தணிப்பார்.

'ஹொரேஷியர் சபதம்' ஓவியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கதை இதுதான். ரோமுக்கும் ஆல்பா லோங்கா நகரத்துக்கும் சண்டை. படைகள் மோதி அழிவதற்குப் பதில் இரு பக்கமும் மூன்று சகோதரர்கள் இறங்கிப் பொருதட்டும் என்று ஏற்பாடு. ரோமின் பக்கம் ஹொரேஷியர் மூவர், எதிர்ப்பக்கம் கியூரியேஷியர் மூவர். சங்கடம் என்னவென்றால் இரண்டு குடும்பமும் சம்பந்திகள். ஹொரேஷியரின் தங்கை எதிரி வீட்டுப் பையனுக்கு நிச்சயமானவள். எதிரி வீட்டுப் பெண் இங்கே மருமகள்.

இந்தக் கதையில் சண்டை இருக்கிறது, கொலை இருக்கிறது, சகோதரனே தங்கையை வெட்டுகிற கட்டம்கூட இருக்கிறது. டேவிட் அதையெல்லாம் விட்டுவிட்டுப் புறப்படும் முன் ஒரு கணத்தைப் பிடித்தார். நடுவில் அப்பா மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார். இடது பக்கம் மூன்று மகன்கள் கையை நீட்டிச் சபதம் செய்கிறார்கள். வலது பக்கம் பெண்கள் துவண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் மூன்று வளைவுகள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்று. ஆண்களின் உடம்பு முழுக்க நேர்கோடு, பெண்களின் உடம்பு முழுக்க வளைகோடு. பின்னணியில் மேகம், மரம், பறக்கும் குழந்தைத் தேவதை எதுவும் கிடையாது. தூரிகை போன தடமே தெரியாது. அதுவரை ரொக்கோக்கோ பாணியில் ஊஞ்சலும் இளஞ்சிவப்புப் பட்டும் பார்த்துப் பழகிய பாரிஸுக்கு இது முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது.

3.30 மீட்டர் உயரம், 4.25 மீட்டர் அகலம். மன்னர் 16-ஆம் லூயியின் நிர்வாகம் காசு கொடுத்துக் கேட்ட படம். சொன்ன அளவைவிடப் பெரிதாகவே டேவிட் வரைந்து அனுப்பினார். 1785-ல் யாரும் இதைப் புரட்சிப் படமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, நாட்டுக்காக வீட்டைத் துறப்பது என்ற கருத்து அரசருக்கும் பிடித்த கருத்துதான். ஆனால் 1793 ஜனவரியில் அதே லூயிக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தவர்களில் டேவிட்டும் ஒருவர். அதற்கப்புறம் இந்தப் படத்தை யாராலும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

டேவிட் கொள்கைவாதியா, காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவரா?

இரண்டும். 1793 ஜூலை 13-ல் புரட்சித் தலைவர் மாராவைக் குளியல் தொட்டியில் வைத்து ஷார்லட் கார்டே குத்திக் கொன்றாள். மாராவுக்குத் தோல் நோய், தண்ணீரில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். நண்பரான டேவிட் சில மாதங்களில் வரைந்த படத்தில் தோல் நோயே தெரியவில்லை. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் கை தொங்குகிற மாதிரி மாராவின் கை தொங்குகிறது. மேல்பாதி முழுக்க வெறும் சுவர். ஒரு கட்சிக்காரரின் சாவு தியாகியின் சாவாகிவிட்டது. பிரசாரம்தான், ஆனால் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1794-ல் புரட்சி ஆட்சியின் தலைவர் ரோபெஸ்பியர் விழுந்ததும் டேவிட் சிறைக்குப் போனார். வெளியே வந்து நெப்போலியனின் ஓவியரானார். ஆல்ப்ஸைக் கடக்கும் நெப்போலியன் பாய்கிற குதிரையில் இருக்கிறார். நிஜத்தில் அவர் கடந்தது கோவேறு கழுதையில். முடிசூட்டு விழாப் படத்தில் நெப்போலியனின் அம்மா நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். நிஜத்தில் அந்த அம்மா விழாவுக்கே வரவில்லை. நெப்போலியன் வீழ்ந்து பழைய அரச குடும்பம் திரும்பியதும் டேவிட் பிரஸ்ஸல்ஸுக்கு நாடு கடந்தார், 1825-ல் அங்கேயே இறந்தார்.

ஒரு படத்தைப் பார்த்ததும் எந்தப் பாணி என்று எப்படிச் சொல்வது?

கோடு தெளிவாக இருந்தால், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால், ஆட்கள் நாடக மேடையில் நிற்பது போல வரிசையாக நின்றால் புதுச்செவ்வியல் பக்கம் யோசிக்கலாம். வண்ணம் கோட்டை மீறிப் போனால், தூரிகைத் தடம் தெரிந்தால், வானமும் கடலும் மனிதனைச் சின்னதாக்கினால் மற்றது.

இந்தச் சூத்திரம் ஆங்கரிடம் வந்ததும் உடைந்துவிடும். 1814-ல் அவர் வரைந்த 'பெரிய ஒடாலிஸ்க்' ஓவியத்தில் ஓர் அந்தப்புரப் பெண் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். கோடும் மெருகும் அப்பழுக்கில்லாத செவ்வியல். விஷயமோ துருக்கி அந்தப்புரம், அதாவது ரொமாண்டிக்குகளின் சொந்தப் பேட்டை. முதுகு நீளமாக இருக்கிறதே, முதுகெலும்பில் கணுக்கள் கூடுதலாக இருக்கின்றனவே என்று அன்றே விமர்சகர்கள் எண்ணிச் சொன்னார்கள். கோடு அழகாகப் போக வேண்டும் என்பதற்காக உடற்கூறியலைத் தூக்கி எறிந்தவர், விதியைக் கட்டிக் காத்தவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார்!

'மெதூசாவின் தெப்பம்' உண்மைச் சம்பவமா?

உண்மை, அதுவும் அரசாங்கத்தைக் கூசவைத்த உண்மை. 1816 ஜூலை 2-ல் 'மெதூசா' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் செனகலுக்குப் போகும் வழியில் இன்றைய மொரிட்டானியாவின் கரைக்கு அப்பால் மணல்திட்டில் தட்டி நின்றது. கேப்டன் ஷோமரே 20 வருடங்களுக்கு மேல் கப்பலே ஓட்டாதவர். அரச குடும்பத்துக்கு விசுவாசி என்பதற்காகக் கிடைத்த பதவி. படகுகள் போதவில்லை. ஏறத்தாழ 150 பேரை மரச்சட்டங்களைக் கட்டிய ஒரு தெப்பத்தில் ஏற்றி, படகுகளால் இழுத்துப் போவதாக ஏற்பாடு. கொஞ்ச நேரத்தில் கயிறு அறுபட்டது, படகில் இருந்தவர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 13 நாள். கலகம், கொலை, பசி, கடைசியில் நரமாமிசம். 'ஆர்கஸ்' என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர்.

தப்பியவர்களில் இருவர், மருத்துவர் சவின்யியும் பொறியாளர் கொரேயாரும், 1817-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். தெயோடோர் ஜெரிக்கோவுக்கு அப்போது 26 வயது. அவர் வேலை செய்த விதம் ஓவியர் வேலையைவிடத் துப்பறியும் வேலைக்குப் பக்கத்தில் இருந்தது. தப்பியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். கப்பலின் தச்சரைக் கொண்டு தெப்பத்துக்குச் சின்ன மாதிரி ஒன்று செய்ய வைத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சாகக் கிடப்பவர்களின் முகத்தையும், வெட்டி எடுத்த கைகால்களையும் வரைந்தார். வெளியே போகாமல் இருக்கத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். இளம் டெலக்ருவா முன்பக்கத்தில் குப்புறக் கிடக்கும் ஓர் உடலுக்குப் படுத்துக் கொடுத்தார்.

படம் ஏறத்தாழ 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். அந்த அளவு அதுவரை மன்னர்களுக்கும் மகான்களுக்கும் ஒதுக்கப்பட்டது. இதில் ஒரு நாயகன் இல்லை. கீழே பிணங்கள், அங்கிருந்து உடல்கள் படிப்படியாக ஏறுகின்றன, உச்சியில் ஒரு கறுப்பின மனிதர் துணியை வீசுகிறார். தொடுவானத்தில் ஆர்கஸ் ஒரு புள்ளி. அது இந்தப் பக்கம் வருகிறதா, போகிறதா என்பது தெரியாத கணம். டேவிட் சண்டைக்கு முந்தைய கணத்தைப் பிடித்ததைப் போலத்தான் இதுவும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 13 நாள் பட்டினி கிடந்தவர்களின் உடம்பா இது? புடைத்த தசை, விரிந்த மார்பு, கிரேக்கச் சிலைகள்தான். ஜெரிக்கோவும் டெலக்ருவாவும் பயின்றது கெரான் என்ற புதுச்செவ்வியல் ஓவியரின் பட்டறையில். படித்த பாடம் கையை விட்டுப் போகாது.

1819 பாரிஸ் காட்சியில் 'ஒரு கப்பற்சேதக் காட்சி' என்று பொதுப்படையான தலைப்பில்தான் இது மாட்டப்பட்டது. எந்தக் கப்பல் என்று கேட்க ஆள் தேவைப்படவில்லை. அடுத்த வருடம் லண்டனில் கட்டணம் வைத்துக் காட்டியபோது ஏறக்குறைய 40,000 பேர் பார்த்தார்கள். ஜெரிக்கோ 1824-ல் 32 வயதில் இறந்தார். நிழலுக்குக் கறுமை கூட்ட அவர் பயன்படுத்திய தார் கலந்த வண்ணம் ஆண்டுக்கு ஆண்டு இருண்டுகொண்டே போவதால், அவர் வரைந்த படத்தை நாம் முழுதாகப் பார்க்கவே முடியாது.

கொடியோடு ஓடும் பெண்ணின் படம் 1789 பிரெஞ்சுப் புரட்சிதானே?

இல்லை. அது 1830 ஜூலையில் பத்தாம் சார்லஸை விரட்டிய மூன்று நாள் கிளர்ச்சி. 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' என்ற இந்தப் படத்தை டெலக்ருவா அதே ஆண்டே வரைந்துவிட்டார். புது அரசு 3,000 ஃபிராங்குக்கு வாங்கியது. பார்க்கிறவர்களுக்கு யோசனை வந்துவிடப் போகிறது என்று பயந்து பிறகு கண்ணில் படாமல் ஒளித்தும் வைத்தது. பள்ளிப் பாடப்புத்தகங்களில் 1789 பாடத்துக்குப் பக்கத்தில் இந்தப் படத்தைப் போடுவதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும்.

கோயா எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் கூப்பிடலாம், அவர் வரமாட்டார். 1746-ல் பிறந்தவர், டேவிட்டைவிட இரண்டு வயது மூத்தவர். ஸ்பெயின் அரசவை ஓவியர். 1790-களின் தொடக்கத்தில் ஒரு நோயில் காது முழுக்கப் போயிற்று. நெப்போலியனின் படை மாட்ரிடில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றதை 1814-ல் 'மே 3, 1808' என்று வரைந்தார். அதில் சுடுகிறவர்களுக்கு முகமே இல்லை, வரிசையாக முதுகுகள். ஹொரேஷியர் மூவர் வரிசையாகக் கை நீட்டி நின்றதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். அதே வரிசை, அதே நீட்டிய கை, வாளுக்குப் பதில் துப்பாக்கி. போர்க் கொடுமைகளைப் பற்றி அவர் செதுக்கிய செப்புத்தகட்டு ஓவியங்கள் அவர் இறந்து 35 வருடம் கழித்து, 1863-ல்தான் வெளியாயின.

ஜெர்மன் ஓவியர் ஃப்ரீட்ரிக்கின் ஆட்கள் ஏன் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்?

நீங்கள் அவர்கள் இடத்தில் நிற்பதற்காக. முகம் தெரிந்தால் அது யாரோ ஒருவரின் படம். முதுகு மட்டும் தெரிந்தால் அவர் பார்ப்பதை நாமும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். 1818 வாக்கில் வரைந்த 'மூடுபனிக் கடலுக்கு மேல் நிற்கும் வழிப்போக்கன்' இன்று பாதிப் புத்தக அட்டைகளில் இருக்கிறது. அந்த மலைக்காட்சி ஒரே இடத்தில் கிடையாது, எல்பே ஆற்றுப் பக்கத்துப் பாறைகளைத் தனித்தனியாக வரைந்து வைத்துப் பிறகு ஒட்டியது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'கடலோரத் துறவி'. கீழே ஒரு கீற்று மணல், அதில் குண்டூசி மாதிரி ஒரு துறவி, கறுப்புக் கடல், மீதி முழுக்க வானம். முதலில் கடலில் கப்பல்களும் வரைந்திருந்தார், பிறகு அழித்துவிட்டார் என்பது அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையில் தெரிந்தது. கப்பல் இருந்திருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். அதையும் எடுத்துவிட்டார் மனிதர். பதின்மூன்று வயதில், பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்த தம்பி அவர் கண்ணெதிரே இறந்தான். இந்தப் படங்களை அந்த ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவது சுலபம். அவ்வளவு சுலபமாக முடிந்துவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆங்கில ஓவியர்கள் டர்னரும் கான்ஸ்டபிளும் எதிரிகளா?

போட்டி இருந்தது. ஒருவர் புயல், மற்றவர் தன் ஊர் வாய்க்கால். 1832-ல் லண்டன் ராயல் அகாதெமி காட்சியில் இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்பட்டன. கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்பு விழா ஓவியம் சிவப்பும் பொன்னுமாக மின்னியது. டர்னருடையது சாம்பல் நிறக் கடல். காட்சி திறக்கும் முன் ஓவியர்கள் கடைசித் திருத்தம் செய்ய அனுமதி உண்டு. டர்னர் வந்தார், இரண்டையும் பார்த்தார், தன் கடலின் நடுவில் காசளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பக்கத்துப் படம் வெளிறிப்போயிற்று. "இங்கே வந்து ஒரு துப்பாக்கியை வெடித்துவிட்டுப் போயிருக்கிறார்" என்றார் கான்ஸ்டபிள். ஒன்றரை நாள் கழித்து டர்னர் திரும்பி வந்து அந்தப் பொட்டைக் கடலில் மிதக்கும் மிதவையாக மாற்றினார்.

சிலையை சிற்பியே முழுக்கச் செதுக்குவாரா?

கனோவா விஷயத்தில் முதலும் கடைசியும் அவர், நடுவில் ஆட்கள். களிமண்ணில் முழு அளவு உருவம் செய்வார். அதிலிருந்து சுண்ணச் சாந்தில் வார்ப்பு எடுப்பார்கள். அந்த வார்ப்பின் மேல் நூற்றுக்கணக்கில் சின்ன உலோக ஆணிகளை அடித்து, ஒவ்வொன்றின் தூரத்தையும் ஆழத்தையும் அளந்து, உதவியாளர்கள் பளிங்கில் அதே புள்ளி வரை குடைந்துகொண்டு போவார்கள். கடைசித் தோல் மட்டும் கனோவாவின் கை, அதையும் சில சமயம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் செய்வார். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். அவர் பிறந்த பொசாஞ்ஞோ ஊரில் இந்தச் சாந்து உருவங்களை வைத்திருக்கிறார்கள். அம்மை வடு மாதிரி உடம்பெல்லாம் ஆணிப் புள்ளி.

நெப்போலியனை அவர் 3 மீட்டருக்கு மேல் உயரமான, துணியில்லாத போர்க்கடவுளாகச் செதுக்கினார். நெப்போலியனுக்குக் கூச்சமாகப் போய் மூலையில் வைத்துவிட்டார். தோற்ற பிறகு பிரிட்டிஷ் அரசு அதை வாங்கி, வாட்டர்லூவில் அவரைத் தோற்கடித்த வெலிங்டனுக்கே பரிசாகக் கொடுத்தது. லண்டனில் வெலிங்டனின் வீட்டு மாடிப்படி அடியில் இன்றும் நிற்கிறது.

ரொமாண்டிக் சிற்பம் என்று ஏன் யாரும் பேசுவதில்லை?

கல்லில் மூடுபனி செதுக்க முடியாது என்பது ஒரு காரணம். பளிங்குக்கு ஆகும் காசை அரசு கொடுக்க வேண்டும், அரசுக்குப் பிடித்தது அடங்கிய சிலை என்பது இன்னொன்று. இருந்தாலும் பாரி என்ற பிரெஞ்சுச் சிற்பியின் வெண்கலப் புலிகள் இரையைக் கிழிப்பதையும், பாரிஸ் வெற்றி வளைவில் ஃபிரான்சுவா ரூட் செதுக்கிய 1792 தொண்டர் படையையும் பாருங்கள். வளைவு ரோமானியக் கணக்கில் கட்டியது. அதன் ஒரு காலில் ரூட் செதுக்கிய பெண்ணுருவம் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறாள்.

வங்கியும் அருங்காட்சியகமும் ஏன் கோயில் மாதிரி இருக்கின்றன?

பழமையான, நேர்மையான தோற்றம் வேண்டும் என்பதற்காக. பெர்லினில் லாங்ஹான்ஸ் ஏதென்ஸின் நுழைவாயிலைப் பார்த்து பிராண்டன்பர்க் வாயிலைக் கட்டினார் (1788-91). மேலே இருந்த நாற்குதிரைத் தேரை 1806-ல் நெப்போலியன் பாரிஸுக்குக் கழற்றிக்கொண்டு போக, 1814-ல் திரும்பி வந்தது. அதே ஊரில் ஷிங்கெல் கட்டிய பழைய அருங்காட்சியகத்துக்கு முகப்பில் 18 அயோனியத் தூண்கள், அதாவது தலையில் சுருள் வைத்த கிரேக்கத் தூண்கள். இதே ஷிங்கெல் ஓய்வு நேரத்தில் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் கூர்கோபுரத் தேவாலயங்களாக வரைந்து தள்ளியவர்.

பாரிஸ் பாந்தியான் கதை தனி. சூஃப்லோ அதை ஒரு தேவாலயமாகத்தான் கட்டினார். குவிமாடத்தின் பாரம் தாங்காமல் தூண்களில் விரிசல் விட்டது. 1791-ல் புரட்சி அரசு அதைப் பெரியோர்களின் கல்லறையாக்கி, 42 சன்னல்களை அடைத்தது. அதனால்தான் அவ்வளவு பெரிய சுவர் மொட்டையாக இருக்கிறது. மாராவின் உடலை 1794-ல் உள்ளே வைத்தார்கள், சில மாதங்களில் வெளியே எடுத்துவிட்டார்கள்.

ரொமாண்டிக் கட்டடம் என்று உண்டா?

உண்டு, கோத்திக் மறுமலர்ச்சி என்ற பெயரில். கிரேக்கத்துக்குப் பதில் இடைக்காலத்தை நோக்கித் திரும்பினார்கள். ஆரம்பத்தில் அது பணக்காரர் விளையாட்டு. வில்லியம் பெக்ஃபோர்டு என்பவர் கட்டிய ஃபாண்ட்ஹில் மாளிகையின் பெரும் கோபுரம் 1825-ல் சரிந்து விழுந்தது, நல்ல வேளையாக அவர் அதற்கு முன்பே விற்றுவிட்டிருந்தார். 1834-ல் லண்டன் நாடாளுமன்றம் எரிந்தது. பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்ததில் பிடித்த தீ. புதுக் கட்டடம் கோத்திக் அல்லது எலிசபெத் காலப் பாணியில் இருக்க வேண்டும் என்று போட்டி விதி. வென்ற சார்லஸ் பாரி செவ்வியல் மனிதர், நகாசு வேலைக்குப் பியூஜின் என்ற கோத்திக் வெறியரைக் கூட வைத்துக்கொண்டார். எல்லாம் கிரேக்கம், செவ்வியல் உடம்பின் மேல் டியூடர் (16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து) நகை என்று பியூஜினே பிறகு அலுத்துக்கொண்டார். தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்று அந்த நீள முகப்பைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று தெரியும்.

கொலோன் பேராலயம் 1248-ல் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோய், பாதிக் கோபுரத்தின் மேல் பழைய மரப் பளுதூக்கியோடு முன்னூறு வருடம் கிடந்தது. 1842-ல் மீண்டும் தொடங்கி 1880-ல் 157 மீட்டர் உயரத்தில் முடித்தார்கள். பாரிஸ் நோத்ர தாமின் மேலிருந்து நகரத்தை வெறிக்கும் அரக்க உருவங்கள் இடைக்காலத்தவை என்று நினைத்திருந்தால் மன்னியுங்கள், அவை கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 19-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. 2019-ல் எரிந்து விழுந்த ஊசிக்கோபுரமும் அவருடையதே. பவேரியாவின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை 1869-ல் தொடங்கியது. முதல் வரைபடங்களைப் போட்டவர் ஒரு நாடகக் காட்சித் திரை ஓவியர்.

பெண் ஓவியர்கள் யாரும் இல்லையா?

இருந்தார்கள். ஆஞ்செலிகா காஃப்மன் 1768-ல் ராயல் அகாதெமியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆனால் ஆடையில்லாத மாதிரியை வைத்து வரையும் வகுப்பில் பெண்களுக்கு அனுமதி இல்லை. அகாதெமி உறுப்பினர்கள் அந்த வகுப்பில் கூடியிருப்பதாக ஸோஃபனி வரைந்த படத்தில் காஃப்மனும் இன்னொரு பெண் உறுப்பினர் மேரி மோசரும் ஆளாக இல்லை, சுவரில் மாட்டிய உருவப்படங்களாகத் தொங்குகிறார்கள். 1807-ல் ரோமில் காஃப்மன் இறந்தபோது இறுதி ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர் கனோவா.

இதையெல்லாம் பார்க்க ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டுமா?

கொஞ்சம் சென்னையிலேயே கிடைக்கும். தலைவர்களின் உடலை மக்கள் அஞ்சலிக்கு வைத்தபோது தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த ராஜாஜி மண்டபத்துப் படிக்கட்டு நினைவிருக்கும். அது 1802 வாக்கில் கிரேக்கக் கோயில் பாணியில் ஜான் கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம், பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிகளின் நினைவாக. பளிங்குக்குப் பதில் அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து மெருகேற்றினார்கள். தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோ, பிரான்சிஸ் சாண்ட்ரியின் வேலை. தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் பாதிரியாரின் மரணப் படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்கும் பளிங்குப் புடைப்புச் சிற்பம், ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

டெனான் பகுதியில் சிவப்புச் சுவர் வைத்த இரண்டு பெரிய கூடங்கள். ஒன்றில் டேவிட், மற்றதில் ஜெரிக்கோவும் டெலக்ருவாவும். மோனா லிசாவுக்குப் போகும் கூட்டம் இரண்டுக்கும் நடுவில் வழிந்துகொண்டே இருக்கும், அதனால் இங்கே நிற்க இடம் கிடைக்கும். முதலில் ஹொரேஷியர், பிறகு நேராகத் தெப்பம். தெப்பத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், பக்கத்தில் போனால் கறுமைதான் தெரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.